தம்பிக்கு ஒரு வரன்

வெள்ளையம்மா அக்கா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றபோது என் இரண்டு கையிலும் குச்சிக்கிழங்கு மண். மரவள்ளிக் கிழங்கைத்தான் எங்கள் பக்கம் குச்சிக்கிழங்கு என்போம். அன்று ஞாயிற்றுக்கிழமை. மலையில் பனி விலகி, வெயில் அப்போதுதான் முதுகில் உறைக்கத் தொடங்கியிருந்தது.

அக்கா, நான் வேலை பார்த்த பள்ளியின் விடுதியில் சமையல் செய்பவர். வேலை நாட்களில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய புடவையோடுதான் அவரைப் பார்த்திருக்கிறேன். அன்று மஞ்சள் புடவை, தலை நிறையக் கதம்பம். கையில் எவர்சில்வர் தட்டு. தட்டில் வெற்றிலை, பாக்கு, கற்கண்டு, ஒரு சீப்பு மலை வாழைப்பழம்.

“என்னக்கா இத்தன தூரம்? ஒரு போன் போட்டிருந்தா நானே வந்திருப்பேனுங்களே” என்றேன்.

“போன்ல பேசற விசயமில்லீங்க டீச்சர்.”

அக்காவின் கண் என்னைத் தாண்டிப் போயிற்று. அங்கே செல்லமுத்து மூட்டை வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“தம்பி இருக்கறப்பவே சொல்லிப்போடறேனுங்க. எம்பொண்ணு சங்கீதாவத் தம்பிக்குக் குடுக்கலாம்னு ஆசப்பட்டு வந்திருக்கறேன். அக்காங்கற மொறையில நீங்கதான் பாத்து ஒரு வார்த்த சொல்லோணும்.”

செல்லமுத்து என் தம்பி இல்லை. எனக்குத் தாலி கட்டியவர். கல்யாணமாகி அப்போது ஒன்றரை வருடம் இருக்கும்.

அக்கா எதையும் தப்பாகப் புரிந்துகொண்டு வரவில்லை. அவருக்கு நான்தான் அப்படிச் சொல்லி வைத்திருந்தேன். இந்தத் தொடரைத் தொடங்கிய நாளிலிருந்து எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்த அத்தியாயம் இது. இந்த வாரம் எழுதிவிடுகிறேன்.

விடுதிச் சோறு தந்த உயரம்

போன வாரம் விளையாட்டு விடுதி நாட்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, “அவ்வளவு உயரமா! உங்களுக்கு மாப்பிள்ளை கிடைத்தாரா?” என்று ஒற்றை வரியில் கேட்டிருந்தார். சுள்ளென்று கோபம் வந்தது. பிறகு, நியாயமான கேள்விதானே என்று அடங்கிவிட்டேன். என் அம்மா அதே கேள்வியோடு பல வருடம் படுத்து எழுந்திருக்கிறார்.

நான் பிறந்தது வாழவந்தி நாட்டில். கொல்லிமலையில் ஊர்களைச் சேர்த்து நாடு நாடாகத்தான் சொல்வோம். ஆறாம் வகுப்பிலேயே வாலிபாலுக்கென்று என்னைக் கீழே விளையாட்டு விடுதிக்கு அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொரு விடுமுறைக்கும் பஸ்ஸில் மலை ஏறி வரும்போது பாவாடை இன்னும் கொஞ்சம் மேலே ஏறியிருக்கும். பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கையில் ஐந்தடி பத்தரை அங்குலம்.

வலைக்கு முன்னால் நின்று எதிராளி அடிக்கும் பந்தைத் தடுப்பது என் வேலை. மைதானத்தில் அந்த உயரத்துக்குக் கைதட்டினார்கள். மைதானத்துக்கு வெளியே வந்தால், “மேல மழ கிழ பெய்யுதுங்களா?” என்று கேட்டார்கள். கேட்டவர்கள் எல்லோருக்கும் அது தாங்களே கண்டுபிடித்த நகைச்சுவை என்று நினைப்பு.

படித்து பி.டி. டீச்சரானேன். வரன்கள் வந்தன. பதினோரு பேர் பெண் பார்த்தார்கள். அதில் பாதிப் பேர் நான் உட்கார்ந்திருந்தபோது சம்மதம் என்று தலையாட்டி, காபித் தட்டை எடுக்க எழுந்தபோது மனம் மாறியவர்கள். ஒருவருடைய அம்மா என் முகத்துக்கு நேராகவே, “ஏணி வெச்சாலும் எட்டாதுங்க” என்று சொல்லிவிட்டு, எங்கள் வீட்டு முறுக்கைத் தின்றுவிட்டுப் போனார்.

பன்னிரண்டாவதாக வந்தவர் செல்லமுத்து. திருப்புலி நாடு. மிளகும் கிழங்கும் விளையும் சொந்தக் காடு. செருப்போடு அளந்தால் ஐந்தடி இரண்டங்குலம். நாற்பத்தெட்டுக் கிலோ. முன்பல் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும்.

இந்த முறை நான் முதலிலேயே எழுந்து நின்றுவிட்டேன். எதற்கு முறுக்கை வீணாக்க வேண்டும்? அவர் அண்ணாந்து பார்த்தார். ஏதோ கணக்குப் போடுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்:

“எங்கூட்டு வாசப்படில இவுங்களுக்குத் தல இடிக்குங்களே. நெலவ ஒசத்திக் கட்டோணும்.”

வாசல்நிலையைத்தான் நிலவு என்றார். வேண்டாம் என்று சொல்ல நான் எத்தனையோ காரணம் யோசித்து வைத்திருந்தேன். எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. கல்யாணத்துக்கு முன்பே ஆள் வைத்து நிலையை முக்கால் அடி உயர்த்திவிட்டார் என்று பிறகு தெரிந்தது.

கல்லின் மேல் ஒரு போட்டோ

கல்யாணத்தன்று ‘கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது’ என்ற பழமொழியை நான் எத்தனை வாயிலிருந்து கேட்டேன் என்று சொல்ல முடியாது. மாப்பிள்ளையின் தோளைத் தட்டி ஒருவர் சொல்லி முடிப்பார், அடுத்தவர் வரிசையில் வந்து அதையே சொல்வார். அவரும் ஒவ்வொருவரிடமும் புதிதாகக் கேட்பவர் மாதிரி சிரித்தார்.

போட்டோக்காரர் இரண்டு செங்கல்லைக் கொண்டுவந்து போட்டு, “மாப்ள, இதுமேல ஏறிக்குங்க” என்றார். செல்லமுத்து ஏறினார். ஒரு படம் எடுக்கவிட்டார். பிறகு இறங்கி, செங்கல்லைக் காலால் ஓரம் தள்ளிவிட்டு, “இப்ப நெசமா ஒண்ணு எடுங்க” என்றார்.

பந்தலே சிரித்தது. அவரும் சிரித்தார். எனக்குத்தான் பூமி பிளந்து உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்றிருந்தது. பத்தாயிரம் பேர் பார்க்க மைதானத்தில் துள்ளியவள், இருநூறு பேருக்கு முன்னால் புருசன் பக்கத்தில் நிற்கக் கூசினேன். அந்த இரண்டாவது படத்தை நான் ஆல்பத்தில் சேர்க்கவில்லை.

அருவிப் படி

உடம்பைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை என்ற திமிர் எனக்கு உண்டு. நெஞ்சளவு, மூச்சு, நாடித்துடிப்பு எல்லாம் படித்துப் பரீட்சை எழுதியவள். அந்தத் திமிரை அருவிப் படிகளில் வைத்து அவர் இறக்கினார். இறக்க வேண்டும் என்று நினைத்துக்கூட இல்லை.

கல்யாணமான புதிதில் அருவிக்குப் போயிருந்தோம். இறங்குவது சுலபம். ஏறி வருவதற்குப் படிகள் ஆயிரத்தைத் தொடும். பாதியிலேயே எனக்கு மூச்சு இரைத்து, தொடை நடுங்கி, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அவர் என் பை, என் ஷூ, ஈரத்துணி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றார். வாயால்கூட மூச்சு விடவில்லை.

“நீங்க போங்க, நான் மெதுவா வாரேன்” என்றேன்.

“எனக்கும் மெதுவாத்தான் வரத் தெரியும்” என்றார்.

அந்த ஆளை மிளகுப் பருவத்தில் பார்க்க வேண்டும். ஒற்றை மூங்கில் ஏணியைச் சில்வர் ஓக் மரத்தில் சாய்த்து, நாற்பதடி உயரத்தில் ஒரு காலை ஏணிக்கணுவிலும் மறுகாலை மரத்திலும் வைத்துக்கொண்டு, கொடியிலிருந்து மிளகை உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டே பாட்டு வேறு பாடுவார். அவர் எடைக்குத்தான் அந்த ஏணி தாங்கும். என் எடைக்கு வேறு மூங்கில் வெட்ட வேண்டும்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது. ரசிக்கவும் செய்தேன். ஆனால் காட்டுக்குள் ரசித்ததை ரோட்டுக்குக் கொண்டுவரத் தைரியம் இல்லை.

கம்பு மட்டம்

எங்கள் வீடு ரோட்டுக்குக் கீழே, சரிவில். கிழங்கு மூட்டையை லாரி வரும் இடத்துக்கு ஏற்ற வேண்டும் என்றால், நடுவில் மூட்டையைக் கட்டித் தொங்கவிட்ட கம்பை ஆளுக்கு ஒரு முனையாகத் தோளில் வைத்துத் தூக்கிப் போக வேண்டும்.

முதல் தடவை தூக்கியது வீட்டு முன்னால் சமதரையில். என் முனை உயர்ந்து, அவர் முனை தாழ்ந்து, மூட்டை வழுக்கிப் போய் அவர் முதுகில் இடித்தது. நான் கம்பைக் கீழே போட்டுவிட்டேன். “இதுக்குக்கூட நம்ம ரெண்டு பேரும் பொருத்தமில்ல” என்று கத்தினேன். மூட்டைக்காக மட்டும் கத்தவில்லை என்பது அவருக்கும் புரிந்திருக்கும்.

அவர் மூட்டையை நிமிர்த்தி வைத்தார். “இங்க வெச்சுத் தூக்குனா அப்படித்தான். மேட்டுல வா” என்றார்.

சரிவு தொடங்கும் இடத்தில் அவர் முன்னால் நின்றார், நான் பின்னால். அவர் காலடி மேலே, என் காலடி கீழே. தூக்கினோம். கம்பு மட்டமாக நின்றது. மூட்டை நடுவிலேயே தொங்கியது. “பின்னால வாரவங்க ஒசரமா இருந்தாத்தான் மேட்டுல ஆகும். ஒரே ஒசரக்காரங்க வந்தா மூட்ட பூராப் பின்னால வார ஆளு மேலதான் உருளும்” என்று சொல்லிக்கொண்டே ஏறினார். இறங்கும்போது நான் முன்னால், அவர் பின்னால். எங்கள் காட்டில் சமதரை என்று இருப்பதே வீட்டு வாசல் அளவுக்குத்தான்.

அதன்பிறகு எத்தனையோ மூட்டை ஏற்றியிருக்கிறோம். அந்த ஞாயிற்றுக்கிழமையும் ஏழு மூட்டை ஏற்றி முடித்து, எட்டாவதைக் கட்டிக்கொண்டிருந்தோம்.

ஒரே ஒரு தலையாட்டல்

கல்யாணமாகி ஆறு மாதத்தில் பைல் நாட்டுப் பக்கம் இருந்த பள்ளிக்கு வேலை மாறிற்று. வண்டியில் ஒரு மணி நேரம். முதல் நாள் செல்லமுத்துதான் கொண்டுபோய் விட்டார்.

கேட்டிலேயே தலைமையாசிரியை நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் மலைக்குக் கீழிருந்து வந்து தங்கியிருக்கும் இரண்டு டீச்சர்கள். நான் வண்டியிலிருந்து இறங்கினேன். தலைமையாசிரியை என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், கனிவாகச் சிரித்தார்.

“தம்பிங்களா?”

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியில் எனக்குக் கல்யாணப் பந்தலின் சிரிப்பு கேட்டது. நான் தலையாட்டினேன். “ஆமாங்க மேடம்.”

செல்லமுத்து வண்டியில் உட்கார்ந்தபடியே இருந்தார். “வாரேனுங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் சண்டை வரும் என்று எதிர்பார்த்து, என் பக்க வாதத்தை எல்லாம் தயார்செய்து வைத்திருந்தேன். அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டுக் கேட்டார்: “ஸ்கூல்ல உன்ன நான் அக்கான்னு கூப்படோணுமா, டீச்சர்னா போதுமா?”

“டீச்சர் போதும்” என்றேன்.

“செரி.”

அவ்வளவுதான் பேச்சு.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் தொடங்கினால் சோறு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கழுத்தில் தாலி இருக்கிறதே, வீட்டுக்காரர் எங்கே என்றார்கள். திருப்பூரில் கம்பெனி வேலை என்றேன். பொங்கலுக்கு வரவில்லையா என்றார்கள். லீவு கிடைக்கவில்லை, புடவை மட்டும் அனுப்பினார் என்றேன். அந்தப் புடவையைச் செல்லமுத்து சோளக்காட்டுச் சந்தையில் அரை மணி நேரம் பேரம் பேசி வாங்கித் தந்திருந்தார். அதைக் கட்டிக்கொண்டு அவர் வண்டியிலேயே போய் இறங்கி, திருப்பூர்க்காரருக்குப் பெருமை சேர்த்தேன். எழுதும்போதே கை கூசுகிறது.

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் யாரும் அந்தப் பள்ளியில் படிக்கவில்லை. அதனால் பொய் நன்றாகவே நின்றது.

இதற்கிடையில் சாயங்காலம் என்னை அழைத்துப் போக வரும் ‘தம்பி’ சீக்கிரமே வந்துவிடுவார். வந்தவர் சும்மா நிற்க மாட்டார். சமையற்கட்டில் ஒழுகும் குழாயைச் சரிசெய்வார். வேனில் வந்த அரிசி மூட்டையை இறக்குவார். காஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு படியேறுவார். வெள்ளையம்மா அக்கா பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அவரைப் புருசன் விட்டுப் போய்ப் பல வருடம் ஆயிற்று. ஒரே மகள்.

“டீச்சர், உங்க தம்பி தங்கமுங்க” என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். தனக்கென்று கிண்டும் ராகிக் களியில் எனக்கும் ஓர் உருண்டை எடுத்துவைத்து, “இத்தாப்பெரிய ஒடம்புக்கு இந்த ஸ்கூல் சோறு எங்க பத்தும்?” என்பார். நான் உருட்டி விழுங்கினேன். அவர் மனதில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று யோசிக்கவே இல்லை.

டீச்சரத்தாங்க கேக்கோணும்

இப்போது வாசலுக்கு வருகிறேன்.

அக்கா பஸ்ஸைவிட்டு இறங்கி, கண்டக்டர் கைகாட்டிய தடத்தில் நேராக இறங்கி வந்திருந்தார். வழியில் ஒரே ஓர் ஆளிடம் விசாரித்திருந்தால்கூட விஷயம் உடைந்திருக்கும். ஒருவரும் எதிர்ப்படவில்லை.

“மேல இருந்து பாத்துட்டேதான் வந்தேனுங்க. அக்காளும் தம்பியும் மூட்ட கட்டறதப் பாத்தாவே வயிறு நெறையுது. பொண்ணும் பொங்கலப்ப ஸ்கூலுக்கு வந்தப்பத் தம்பியப் பாத்திருக்கறா. வேண்டாங்கல” என்றார். பிறகு நேராக அவரிடமே கேட்டுவிட்டார்: “தம்பி, நீங்க என்ன சொல்றீங்க?”

செல்லமுத்து துண்டில் கையைத் துடைத்தார்.

“நான் என்னங்க சொல்றது? டீச்சரத்தாங்க கேக்கோணும்.”

அவர் முகத்தில் கேலி இல்லை. ஒரே வார்த்தையில் அவரே முடித்திருக்கலாம். என் பொய்யை உடைக்கும் வேலையை எனக்கே விட்டுவிட்டார்.

தப்பிக்க வழி இருந்தது. ஜாதகம் சரியில்லை என்று சொல்லலாம். இப்போது கல்யாண யோசனை இல்லை என்று சொல்லலாம். அக்கா நம்பியிருப்பார். ஆனால் அப்படிச் சொன்னால், வீட்டில் காத்திருக்கும் அந்தப் பெண்ணிடம் அவர் போய் ‘வேண்டாம்னுட்டாங்க’ என்றுதான் சொல்லியாக வேண்டும். பதினோரு முறை அந்தச் சொல்லைக் கேட்டவள் நான். என்ன குறை என்று கண்ணாடி முன் நின்று தேடும் வேலையை அந்தப் பெண்ணுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

“அக்கா, இவரு எந்தம்பி இல்லீங்க” என்றேன். “எங்கூட்டுக்காரர்.”

அக்கா முதலில் சிரித்தார். விளையாடுகிறேன் என்று நினைத்திருக்கிறார். பிறகு என் தாலியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

“அப்பத் திருப்பூர்ல இருக்கறது?”

“யாருமில்லீங்க.”

அவர் அப்படியே மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். தட்டு மடியில் இருந்தது. அதிலிருந்த வெற்றிலையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். அப்புறம் தலை நிமிர்ந்து கேட்டார்.

“ஏனுங்க டீச்சர், இவருக்கு என்ன கொறச்சல்னு மறச்சீங்க?”

உயரம் குறைச்சல் என்று சொல்வதா? தன் ஒரே மகளைக் கொடுக்க வேண்டும் என்று, விடியற்காலையில் பூ வைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்த ஒருத்தியிடம் அதை எந்த வாயால் சொல்வது? அவர் ஒரு வருடம் பார்த்துத் தேர்ந்தெடுத்த ஆளை, வீட்டிலேயே வைத்திருந்த நான் ஒளித்து வைத்திருந்தேன்.

“சனிக்கெழம சமையக்கட்டுல எல்லாத்துக்கும் சக்கரை குடுத்துட்டு வந்தனுங்க. நாளைக்கு எம் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெக்கிறது? கல்யாணமான ஆளுக்குப் பொண்ணக் குடுக்கத் தட்டத் தூக்கிட்டுப் போனவன்னுதான பேசுவாங்க?”

டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னார் செல்லமுத்து. அக்கா கேட்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு மேடேறினார். இவர் பத்தடி பின்னால் போய், பஸ் வரும்வரை ரோட்டோரம் நின்றிருந்துவிட்டுத் திரும்பி வந்தார்.

வந்ததும் எட்டாவது மூட்டையின் கயிற்றை இழுத்துப் பார்த்தார். “கொஞ்சம் பொறுத்துச் சொல்லியிருக்கலாம். பொண்ணு என்ன படிச்சிருக்குதுன்னாவது கேட்டிருப்பேன்” என்றார்.

நான் சிரித்தேன். சிரித்தது எப்போது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“மொத நாளு நீ தலையாட்டுனியே, அன்னிக்கு வண்டி எடுக்க மூணு ஒத ஒதச்சேன். கெளம்பல. அப்பறம் பாத்தா சாவியே போடல” என்றார்.

அவ்வளவுதான் அவர் என்னைக் குறை சொன்னது. அன்று வரை அவருக்கு வலிக்கவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். “எங்கிட்டக் கேக்கறது கெடக்கட்டும், மொதல்ல அந்தப் புள்ள பேரு கெடாமப் பாரு” என்றார்.

சமையற்கட்டில்

திங்கட்கிழமை பள்ளி தொடங்க ஒரு மணி நேரம் முன்பே போய்விட்டேன். செல்லமுத்துவையும் உள்ளே கூட்டிக்கொண்டு நேராகச் சமையற்கட்டுக்குப் போனேன். அக்கா கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தார். கூட வேலை செய்யும் மூன்று பெண்களும் இருந்தார்கள்.

“எல்லாரும் கேட்டுக்குங்க. இவரு எங்கூட்டுக்காரர். தம்பின்னு பொய் சொன்னது நான். அக்கா அத நம்பித்தான் எங்கூட்டுக்கு வந்தாங்க. தப்பு பூரா எம்பேர்லதான். இதப்பத்திச் சிரிக்கோணும்னா என்னப் பாத்துச் சிரிங்க, அக்காளயோ அவுங்க பொண்ணையோ யாரும் ஒரு சொல்லு சொல்லக்கூடாது.”

மைதானத்துக் குரல் எனக்கு. வராந்தா முழுக்கக் கேட்டிருக்கும். ஒரு பெண், “அப்ப அந்தத் திருப்பூர்ச் சீல?” என்று கேட்டார். “சோளக்காட்டுச் சந்தைங்க” என்றார் செல்லமுத்து. மூவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அக்கா மட்டும் கத்தரிக்காயிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

பிறகு தலைமையாசிரியையிடமும், அந்த இரண்டு டீச்சர்களிடமும் சொன்னேன். தலைமையாசிரியை பாவம், “நான் கேட்டிருக்கவே கூடாது” என்று தன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டார். ஒரு வாரம் பள்ளியில் என்னைப் பார்த்துக் குசுகுசுத்தார்கள். அதற்கு மேல் யாருக்கும் அதில் சுவாரஸ்யம் இல்லை. இதற்காகவா ஒரு வருடம் புருசனைத் தம்பியாக்கி வைத்திருந்தேன் என்று என்மீதே ஆத்திரமாக வந்தது.

அக்கா இரண்டு மாதம் என்னிடம் பேசவில்லை. சோறு போடுவார், குழம்பு ஊற்றுவார், முகத்தைப் பார்க்க மாட்டார். நானும் எதிர்பார்க்கவில்லை. ஒருநாள் மதியம் என் தட்டில் சோற்றுக்குப் பக்கத்தில் ஒரு களி உருண்டை இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். “ஆறறதுக்குள்ள தின்னுங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டுக்குப் போய்விட்டார்.

அந்த உருண்டையை நான் கண்ணீரோடு விழுங்கினேன் என்று எழுதினால் மிகையாகத் தெரியலாம். உண்மை அதுதான்.

மாமன் முறை

அடுத்த வருடம் மிளகு காயப்போட்டிருந்த சமயம், அக்கா மறுபடி எங்கள் வீட்டுக்கு வந்தார். சங்கீதாவுக்கு நல்ல இடம் அமைந்திருந்தது. மாப்பிள்ளை லாரி டிரைவர். பெண்ணும் அவனும் போனில் பேசிப் பிடித்துப்போய், பிறகுதான் பெரியவர்கள் பேசினார்களாம்.

பத்திரிகையும் வெற்றிலையும் வைத்த தட்டை என்னிடம் நீட்டவில்லை. செல்லமுத்துவிடம் நீட்டினார்.

“எங்கூடப் பொறந்ததெல்லாம் பொட்டப்புள்ளைங்க. எம்பொண்ணுக்கு மாமன்னு நிக்க ஆளில்ல. டீச்சர் உங்களப் பொய்யிக்குத் தம்பின்னாங்க. நான் நெசத்துக்கே தம்பின்னு சொல்லிக்கறேன். நீங்கதான் வந்து மாமன் சீர் செய்யோணும்.”

செல்லமுத்து எழுந்து நின்றார். தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் கலங்கி நான் பார்த்தது அன்றுதான்.

நன்றி என்பதை நான் பலருக்கும் சொல்லியிருக்கிறேன். பயிற்சியாளர்களுக்கு, பந்து வாங்கித் தந்தவர்களுக்கு, விடுதிச் சோற்றுக்கு. ஆனால் வெள்ளையம்மா அக்காவுக்குப் பட்டிருக்கும் கடன் வேறு மாதிரி. என் வீட்டில் இருந்த மனிதரின் அருமையை, வெளியிலிருந்து ஒருத்தி தட்டோடு வந்து எனக்குக் காட்ட வேண்டியிருந்தது. அவமானப்பட்டுத் திரும்பிப் போனவர், அதே வீட்டுக்கு உறவு கேட்டு மறுபடியும் வந்தார். அந்த மனசு எனக்கு வராது. இன்றுவரை வரவில்லை.

கல்யாணம் செம்மேட்டில் ஒரு மண்டபத்தில். மண்டபம் நிறைய இரண்டு நாட்டு ஆட்கள். தாய்மாமன் தட்டுகளோடு செல்லமுத்து மேடையேறிப் பெண்ணுக்கு மாலை போட்டார். நான் கீழே முதல் வரிசையில், அக்காவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருவர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, “மாமனுக்கு நீங்க அக்காங்களா?” என்று கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் வெள்ளையம்மா அக்கா சட்டென்று திரும்பினார்.

“அக்கா நானுங்க. இவுங்க பொஞ்சாதி.”

அதைச் சொன்ன மிடுக்கில் அந்த அம்மாள் ஓர் அடி பின்வாங்கினார். மைக்கில் தாய்மாமன் மனைவியையும் மேடைக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அக்கா என் முதுகில் கைவைத்துத் தள்ளினார்.

“போங்க டீச்சர், எந்தம்பி ஒத்தையில நிக்கறான்.”

நான் மேடையேறிப் போய் அவர் பக்கத்தில் நின்றேன்.